இலவசம்தானே என்று சேர்த்துவிடலாமா?

வீட்டிலிருந்து படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இணையவழிப் பல்கலைக்கழகப் பாடம் தேர்ந்தெடுப்பது எப்படி?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் பல சகோதரிகள் மனசில் உள்ளதைச் சொல்வார்கள். "எம் பொண்ணு பத்தாவதோட வீட்டுல இருக்காக்கா. செல்போன்லயே காலேஜ் பாடமெல்லாம் காசில்லாம சொல்லித் தர்றாங்களாமே, சேத்து விடலாமா?" என்ற கேள்வியை இப்போது அடிக்கடி கேட்கிறோம்.

சேர்த்து விடலாம். ஆனால் இலவசம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடக் கூடாது. ஆடு வாங்கக் கடன் எடுத்தால், பல்லைப் பார்த்து, நடையைப் பார்த்து, நாலு பேரைக் கேட்டுத்தானே வாங்குகிறோம்? பிள்ளையின் படிப்புக்கும் அந்தப் பார்வை வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

யாருக்கு இந்தப் பாடம்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடம் போக முடிகிற பிள்ளையை நிறுத்திவிட்டு, கையில் செல்போனைக் கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி உரிமை உண்டு என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதிலும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் தருகிற ஆசிரியர், தோழிகள், விளையாட்டு, வெளியுலகப் பழக்கம் இவற்றைச் செல்போன் தராது.

ஆனாலும் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். உடல்நிலை காரணமாகப் பள்ளியை விட்டவர்கள், பேருந்து வசதி இல்லாமல் நின்றவர்கள், தனித்தேர்வராகப் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதுகிறவர்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து படிப்பவர்கள் எனப் பல வகை. யோசித்து முடிவெடுத்து வீட்டிலேயே கற்றுக்கொடுக்கும் பெற்றோரும் சிலர் உண்டு. இப்படி 14 முதல் 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பாடம்.

என்னென்ன இருக்கிறது?

நம் நாட்டில் முக்கியமானது 'ஸ்வயம்'. மத்திய அரசின் இந்த இணையதளம் 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரை பாடங்கள் இருக்கின்றன. சேருவதற்குக் கட்டணம் இல்லை. பள்ளிப் பாடங்களைத் தேசிய திறந்தநிலைப் பள்ளியும், தொழில்நுட்பப் பாடங்களை ஐ.ஐ.டி.களும், மற்றவற்றை வேறு நிறுவனங்களும் தருகின்றன.

அடுத்தது 'என்.பி.டி.இ.எல்.'. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. இதன் முக்கிய மையம். இதன் பாடங்களும் ஸ்வயம் தளத்தின் வழியே கிடைக்கின்றன. நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. பழைய பாடங்களின் வீடியோக்களை யூடியூபில் பெயர் பதியாமலே பார்க்கலாம். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது. இன்றும் அவற்றைப் பார்க்கலாம். ஆங்கிலம் நன்றாகப் புரியும் பிள்ளைக்கு அது ஏற்றது. தமிழ் இலக்கியம், பண்பாடு படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன.

வீட்டில் நெட் சரியாக எடுக்காதா? 'ஸ்வயம் பிரபா' என்று தொலைக்காட்சி அலைவரிசைகள் இருக்கின்றன. ஒரே பாடத்தை ஒரு நாளில் பலமுறை திரும்பத் திரும்பப் போடுவார்கள். காலையில் மாடு கறக்கிற நேரத்தில் விட்டதை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் செய்த தவறு

நாங்கள் எல்லாம் தெரிந்தவர்கள் போல இதை எழுதவில்லை. ஒரு தவறு செய்து, அதிலிருந்து கற்றுக்கொண்டுதான் எழுதுகிறோம்.

நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள், 16 வயது. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதி, கணக்கில் நல்ல மார்க் வாங்கித் தேறியவள். "இந்தப் பொண்ணுக்கு நாம ஏதாவது செய்யணும்" என்று கூட்டமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். செயற்கை நுண்ணறிவு படித்தால் வேலை கிடைக்கும் என்று டி.வி.யில் சொன்னார்களே என்று, அது சம்பந்தப்பட்ட 12 வாரப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். பெரிய நிறுவனம், பெரிய பேராசிரியர். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. அந்தப் பிள்ளையிடம் மட்டும், "உனக்குப் பிடிச்சிருக்கா கண்ணு?" என்று யாரும் கேட்கவில்லை.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது வாரம், பன்னிரண்டாம் வகுப்பில் வருகிற கணக்குக் குறியீடுகள் வரிசையாக வந்தன. ஆங்கிலமும் வேகம். மூன்றாவது வாரக் கேள்விகளுக்குப் பதில் எழுத முடியவில்லை. நான்காவது வாரம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டால், "படிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். இரண்டு மாதம் கழித்துத்தான் அம்மாவுக்கே தெரிந்தது. அதற்குள் அவள் பள்ளிப் பாடப் புத்தகத்தையும் மூடி வைத்திருந்தாள்.

நேரில் போய்ப் பேசினோம். அவள் சொன்னது: "எனக்குத்தான் மூளை இல்லக்கா. ஐ.ஐ.டி. பாடமெல்லாம் நமக்கு எதுக்கு?"

சகோதரிகளே, அந்தப் பேச்சைக் கேட்டு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்தப் பாடத்தின் பக்கத்தைத் திரும்பத் திறந்து ஆசிரியை ஒருவரைப் படிக்கச் சொன்னோம். "கல்லூரி அளவுக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும்" என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. பாடத்தின் மேலும் குற்றமில்லை, பிள்ளையின் மேலும் குற்றமில்லை. அதை அந்தப் பிள்ளையிடமே போய்ச் சொன்னோம். "தப்பு எங்களோடதும்மா, உன்னோடது இல்ல."

காசு கொடுக்காமல் சேர்ந்ததால் நமக்கு நஷ்டம் இல்லை என்று நினைத்திருந்தோம். ஒரு பிள்ளை தன்மேல் வைத்திருந்த நம்பிக்கை போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. பள்ளிச் சான்றிதழுக்கு வழி செய்துவிட்டோமா?

பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ்தான் அடித்தளம். எத்தனை இணையவழிப் பாடம் படித்தாலும் அது இந்த இரண்டுக்கும் ஈடாகாது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாவதுக்கும், 15 வயது நிறைந்து பத்தாவது தேறியவர்கள் பன்னிரண்டாவதுக்கும் பதியலாம். மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். எந்த வழியில் போனாலும், பிறகு சேர நினைக்கும் கல்லூரியிலும் வேலையிலும் அந்தச் சான்று செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் வேறு பாடம் எதுவும் வேண்டாம்.

2. பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா?

பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்பது வீட்டில் இருக்கும் நமக்குத் தெரியும். பழுதான ரேடியோவைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளை, செடி கொடியோடு பேசுகிற பிள்ளை, கணக்கு நோட்டை ஒழுங்காக எழுதுகிற பிள்ளை என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். இயற்கை வேளாண்மை பற்றிக் காரக்பூர் ஐ.ஐ.டி. 8 வாரப் பாடம் நடத்தியிருக்கிறது. பால் பொருள் பற்றி, கணக்குப் பதிவியல் பற்றி, ஆங்கிலப் பேச்சு பற்றி என நம் வாழ்க்கைக்கு நெருக்கமானவையும் நிறைய உண்டு. 'வேலை கிடைக்கும்' என்று ஊர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

3. முன்னாலேயே என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் இரண்டு வரி இருக்கும். ஒன்று 'இன்டெண்டட் ஆடியன்ஸ்', அதாவது யாருக்கான பாடம். இன்னொன்று 'ப்ரீரெக்விசிட்ஸ்', அதாவது முன்னரே தெரிந்திருக்க வேண்டியவை. பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவருக்கு என்று போட்டிருந்தால் அது நம் பிள்ளைக்கு இப்போது வேண்டாம், நாலு வருஷம் கழித்துப் பார்க்கலாம். பள்ளிக் கணக்கு போதும் அல்லது எதுவும் தேவையில்லை என்று இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத சகோதரிகள் அங்கன்வாடிப் பணியாளரையோ, பள்ளி ஆசிரியரையோ, குழுவில் படித்த தங்கச்சியையோ இந்த இரண்டு வரியை மட்டும் படித்துச் சொல்லச் சொன்னால் போதும்.

4. நான்காவது வாரப் பாடம் புரிகிறதா?

முதல் பாடம் எப்போதும் சுலபமாகத்தான் இருக்கும். வணக்கம் சொல்லி, கதை சொல்லி ஆரம்பிப்பார்கள். அதை மட்டும் பார்த்துச் சேர்ந்துதான் நாங்கள் ஏமாந்தோம். ஆகவே பழைய வீடியோக்களில் நான்காவது வாரப் பாடத்தை எடுத்து, பிள்ளையைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் புரிய வேண்டியதில்லை. பாதி புரிந்து, மீதியைத் தெரிந்துகொள்ள ஆசை வந்தால் அது சரியான பாடம். ஒன்றுமே புரியாமல் முகம் வாடினால் வேறு பாடம் பாருங்கள். பேச்சின் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியும், எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வசதியும் உண்டு. அவற்றையும் காட்டிக்கொடுங்கள்.

5. எத்தனை வாரம்? வீட்டில் நேரம் இருக்கிறதா?

என்.பி.டி.இ.எல். பாடங்கள் பெரும்பாலும் 4, 8, 12 வாரங்களுக்கு நடக்கும். ஜனவரியிலும் ஜூலையிலும் பருவம் தொடங்கும். வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பாடம். திரும்பப் பார்க்க, குறிப்பெடுக்க, வாரக் கேள்விகளுக்குப் பதில் எழுத எல்லாம் சேர்த்தால் ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். முதல் தடவை 4 வாரப் பாடமாக இருந்தால் நல்லது. நாற்று நடவு, கதிர் அறுப்பு, வீட்டில் கல்யாணம் என்று வருகிற மாதங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு போடுவோம்

படிப்பு இலவசம், நெட் இலவசம் இல்லை. வீடியோவைக் குறைந்த தரத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 எம்.பி. ஆகும். 12 வாரப் பாடம் என்றால் சுமார் 30 மணி நேரம். 30 மணிக்கு 9,000 எம்.பி., அதாவது 9 ஜி.பி. அளவு. உயர்ந்த தரத்தில் பார்த்தால் இதைப் போல நாலு மடங்கு கூட ஆகிவிடும். செல்போனில் தரத்தைக் குறைத்து வைப்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பஞ்சாயத்து நூலகத்திலோ கூட்டமைப்பு அலுவலகத்திலோ வைஃபை இருந்தால் அங்கே வைத்துப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

அடுத்தது தேர்வுக் கட்டணம். என்.பி.டி.இ.எல். பாடத்தைப் பார்த்துப் படிக்கக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பாடம் ஒன்றுக்கு 1,000 ரூபாய் வாங்கி வந்திருக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை உண்டு. கட்டணம் மாறக்கூடியது என்பதால் அந்தந்தப் பருவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. நகரத்தில் உள்ள தேர்வு மையத்துக்கு அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டும். பஸ் செலவு, கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சான்றிதழ் எதற்கு உதவும்?

என்.பி.டி.இ.எல். பாடத்தில் வாரக் கேள்விகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. வாரக் கேள்வியில் 10-ம் தேர்வில் 30-ம் குறையாமல் எடுத்தால் சான்றிதழ் கிடைக்கும். கல்லூரி மாணவர்கள் ஸ்வயம் பாடங்களைத் தங்கள் பட்டப் படிப்பின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டுக்கொள்ள விதி இருக்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் சொன்னது. ஆனால் அந்தக் கல்லூரி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைக்கு இப்போதைக்கு அது பட்டமும் அல்ல, வேலைக்கான உத்தரவாதமும் அல்ல. 'இதை நானே படித்து முடித்தேன்' என்பதற்கான அத்தாட்சி. கல்லூரியில் எந்தப் பிரிவு எடுப்பது என்று முடிவு செய்ய அந்த அனுபவம் பெரிய உதவி. முதல் பாடத்துக்குத் தேர்வே எழுதாவிட்டாலும் தப்பில்லை.

ஏமாற வேண்டாம்

இலவசப் பாடம் என்று ஊருக்குள் பேச்சு வந்ததும், அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களும் வந்துவிடுகிறார்கள். "பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். ஸ்வயத்தில் நாமே நேரடியாகச் சேரலாம், இடைத்தரகர் தேவையில்லை. சில தனியார் தளங்கள் 'ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்கும். எட்டாம் நாள் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும். அட்டை எண்ணையும், செல்போனுக்கு வருகிற ஓ.டி.பி.யையும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஆன்லைனில் பட்டமே தருகிறோம் என்றால், அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

அம்மாவின் பங்கு என்ன?

"நான் ரெண்டாப்புதான் படிச்சேன், நான் என்னத்த சொல்லிக் குடுக்க?" என்று கேட்கும் சகோதரிகளே, நீங்கள் செய்ய வேண்டிய வேலைதான் பெரிய வேலை.

முதலாவது, போன். வீட்டில் ஒரே ஒரு போன், அது அண்ணன் கையில் என்றால் தங்கச்சி எப்படிப் படிப்பாள்? தினம் ஒரு மணி நேரம் அவளுக்கு என்று நேரம் குறித்து, சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் எடுக்க, பாத்திரம் கழுவ அவளைக் கூப்பிட வேண்டாம்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை கதை. "இந்த வாரம் என்ன படிச்சே? எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை திரும்பச் சொல்ல முடிந்தால் பாடம் மனசில் பதிந்துவிட்டது என்று அர்த்தம். சொல்ல முடியாமல் திணறினால், எங்கேயோ சிக்கல் என்று அந்த வாரமே தெரிந்துவிடும். நாங்கள் இரண்டு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டோமே, அந்த நிலைமை வராது.

மூன்றாவது, விடுவதற்கும் அனுமதி கொடுங்கள். இரண்டு வாரம் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு பாடம் பார்க்கலாம். அது தோல்வி இல்லை. அளவு சரியில்லாத சட்டையை மாற்றுவதில்லையா?

அந்தப் பிள்ளை இப்போது

நாங்கள் தவறாகச் சேர்த்துவிட்ட அந்தப் பிள்ளையை மறந்துவிடவில்லை. மறுபடி உட்கார்ந்தபோது, ஐந்தாறு பாடங்களில் பத்துப் பத்து நிமிடம் அவளையே பார்க்கச் சொன்னோம். 'பைத்தான்' என்னும் கம்ப்யூட்டர் மொழியை விளையாட்டும் புதிருமாகப் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் ரோப்பர் ஐ.ஐ.டி. பாடத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். அதுவும் 12 வாரப் பாடம்தான். தேர்வு வேண்டாம், அவசரம் இல்லை, பள்ளிப் பாடம் முதலில் என்று பேசிக்கொண்டோம். ஒரு வாரப் பாடத்தை இரண்டு வாரம் எடுத்துப் படித்தாள். சான்றிதழ் வாங்கவில்லை. ஆனால் பன்னிரண்டாவதுக்குப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துவிட்டாள். போன மாதம் அலுவலகம் வந்தபோது, குழுவின் சேமிப்புக்கு வட்டி கணக்குப் போட ஒரு சின்ன நிரல் எழுதிக் காட்டினாள். எங்கள் கணக்காளர் கையால் போட்ட கணக்கோடு ஒத்துப் பார்த்தோம். கணக்காளர்தான் ஓரிடத்தில் தப்பு விட்டிருந்தார்!

குழுவில் கலந்து பேசுங்கள்

● நம் குழு உறுப்பினர் வீடுகளில் பள்ளி, கல்லூரி போகாமல் இருக்கும் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? என்ன காரணம்? திரும்பப் பள்ளிக்கு அனுப்ப வழி உண்டா?

● அவர்களில் பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ் இல்லாதவர்கள் யார்? தேர்வுக்குப் பதிய யார் கூடப் போவது?

● நம் ஊரில் பாடத்தின் பக்கத்தைப் படித்துச் சொல்லக்கூடிய ஒருவர் யார்?

● தேர்வுக் கட்டணத்துக்குக் குழுவின் உள்கடனில் சிறு தொகை ஒதுக்கலாமா?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவர்கள் வாயாலேயே கேட்போம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.